தலைக்கவசமும் வன்னிப் பெருவீதியும்: ஒரு வரலாற்று நோக்கு

போர்க்களம் புகுவோனின் மெய்யைக் காக்கும் கருவிக்குப் பழந்தமிழர் இட்ட பெயர்களுள் ஒன்று மெய்ம்மறை என்பதாகும். பதிற்றுப்பத்திலே சேரமன்னன் தன் வீரருக்கு மெய்ம்மறையாக நிற்பவன் எனப் போற்றப்படுகிறான். கவசம் என்பது ஒருவன் தன் உடலில் அணியும் பொருள் மாத்திரமன்று; ஒரு சமுதாயம் தன்னைச் சார்ந்தோருக்கு அளிக்கும் காவலும் அதுவே என்னும் கருத்து அப்போற்றுதலிற் பொதிந்துள்ளது. வாளும் வேலும் வழக்கொழிந்தபின் கவசமும் அருங்காட்சியகத்துக்குச் சென்றுவிட்டது என்று கருதுவோர் உளர். ஆயின், இருபதாம் நூற்றாண்டிலே அது வேறொரு களத்தில் மீண்டும் தேவைப்பட்டது. அக்களம் வீதியாகும், அதில் வீழ்ந்தோருட் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளிற் சென்றோராவர்.

மோட்டார் சைக்கிளோட்டியைக் காக்கும் உறுப்புக்கள் எவ்வாறு தோன்றின, அவை எவ்வாறு வழக்கிற்கு வந்தன, கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களை உள்ளடக்கிய வன்னிப் பெருநிலப்பரப்பில் அவற்றின் வரலாறு எத்தகையது என்பனவற்றை நோக்குவது இக்கட்டுரையின் பொருளாகும். ஒரு காப்புப் பொருள் கண்டுபிடிக்கப்படுவது வேறு. அது மக்கள் தலையில் ஏறுவது வேறு. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலத்தில் இழக்கப்பட்ட உயிர்களே இவ்வரலாற்றின் மையப் பிரச்சினை எனலாம்.

பந்தயத் திடலிலிருந்து படைமுகாமுக்கு

1885ஆம் ஆண்டில் ஜேர்மனியிலே டைம்லர், மேபாக் ஆகிய இருவரும் அமைத்த பெற்றோல் ஈருருளியே மோட்டார் சைக்கிளின் முன்னோடி எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. மரச்சட்டத்தாலான அவ்வண்டி சரிந்து வீழாதிருக்கும் பொருட்டு இருபுறமும் இரு சிறு சக்கரங்கள் பொருத்தப்பட்டிருந்தன. முதல் வண்டியை அமைத்தோரே வீழ்ச்சியை எண்ணியிருந்தனர் என்பது மனங்கொள்ளத்தக்கது. பின்வந்தோர் வேகத்தைப் பெருக்கினர். பக்கச் சக்கரங்களை நீக்கினர். அவற்றுக்கு ஈடாக வேறொரு காப்பினை மட்டும் அளித்தாரிலர்.

இங்கிலாந்தின் புறூக்லண்ட்ஸ் பந்தயத் திடலில் மருத்துவ அலுவலராகப் பணியாற்றிய எரிக் காட்னர் என்பார் தலையில் அடிபட்ட ஓட்டிகளை அடிக்கடி காண நேர்ந்தது. கன்வஸ் துணியை அரக்குக் கொண்டு இறுக்கி ஒரு தொப்பியை அவர் செய்வித்தார். பந்தய அமைப்பினர் முதலில் அதனை ஏற்கத் தயங்கினர்; பின்னர் 1914இல் மான் தீவில் நடைபெற்ற பந்தயத்தில் அதனைக் கட்டாயமாக்கினர். ஆயின், இது பந்தயக்காரருக்கென வகுத்த விதியாகவே நின்றது. கடிதம் கொண்டு செல்வோனுக்கும் தொழிலுக்குச் செல்வோனுக்கும் தலை உண்டு என்பதை எவரும் அப்போது கருதினாரிலர்.

இந்நிலை மாறுவதற்கு ஒரு புகழ்பெற்ற மனிதனின் மரணம் காரணமாயிற்று. அரேபியப் பாலைவனப் போரினால் உலகறிந்த ரி. ஈ. லோறன்ஸ் 1935 மே 13ஆம் நாள் தம் வீட்டிற்கு அண்மையில் மோட்டார் சைக்கிளிற் செல்கையில், துவிச்சக்கர வண்டிகளில் வந்த இரு சிறுவரைத் தவிர்க்க முற்பட்டுத் தூக்கியெறியப்பட்டார். தலையில் ஏற்பட்ட காயத்தால் ஆறு நாள் நினைவிழந்து கிடந்து மே 19ஆம் நாள் இறந்தார். அவரைப் பார்வையிட அழைக்கப்பட்ட மருத்துவர்களுள் அவுஸ்திரேலியாவிற் பிறந்த நரம்பியல் அறுவை மருத்துவரான ஹியூ கெயன்ஸ் என்பவரும் ஒருவர். அடுத்து வந்த உலகப்போர்க் காலத்தில், இருட்டடிப்புச் செய்யப்பட்ட வீதிகளிலே செய்தி கொண்டு விரைந்த படையினர் எதிரியின் குண்டினாலன்றி வீதியிலேயே மாண்டுபோவதை அவர் கண்டார். 1941 ஒக்டோபரில் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் அவர் வெளியிட்ட கட்டுரை, போர் தொடங்கிய முதல் 21 மாதங்களில் 2279 மோட்டார் சைக்கிளோட்டிகளும் பின்னிருந்து சென்றோரும் பிரித்தானிய வீதிகளில் இறந்தனர் என எடுத்துக்காட்டியது. தலைக்கவசம் அணிந்திருந்து காயமுற்றோர் எழுவரை மட்டுமே அவர் கண்டிருந்தார். அவ்வெழுவரும் உயிர் தப்பியிருந்தனர்.

எழுவரைக் கொண்டு முடிவு கூறுதல் புள்ளிவிவரவியலின் நோக்கிற் போதாதெனினும், படைத்துறை அக்கூற்றைப் புறக்கணிக்கவில்லை. 1941 நவம்பரில், கடமையிலுள்ள படையினர் தலைக்கவசமின்றி மோட்டார் சைக்கிளிற் செல்லலாகாது எனக் கட்டளை பிறந்தது. பின்னைய ஆண்டுகளில் மரணங்கள் படிப்படியாகக் குறைந்தமையை 1946இல் கெயன்ஸ் மீண்டும் எழுதிக் காட்டினார். இத்துணைச் சான்று இருந்தும், பிரித்தானியக் குடிமக்கள் அனைவர்க்கும் தலைக்கவசம் கட்டாயமானது 1973 யூன் முதலாம் நாளிலேயாம். அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1961இலேயே இதில் முந்திக்கொண்டது. படைவீரனுக்குக் கிடைத்த காவல் குடிமகனுக்குக் கிடைக்க 32 ஆண்டுகள் சென்றன. அறிவு தோன்றியவுடன் வழக்கம் மாறிவிடும் என எண்ணுவோர்க்கு இவ்விடைவெளி தக்க மறுமொழியாகும்.

கவசம் காக்கும் முறை

தலைக்கவசம் கடினமாக இருத்தலே அதன் சிறப்பு என்பது பொதுமக்களிடையே நிலவும் எண்ணம். உண்மையில், அதன் உள்ளே மறைந்திருக்கும் மென்மையான படையே உயிரைக் காக்கிறது. தென் கலிபோர்ணியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லொம்பாட் என்பார் 1953இற் பெற்ற காப்புரிமம் இக்கருத்தை அடிப்படையாகக் கொண்டதாகும். வெளியோடு அடியைப் பரவச் செய்கிறது. உள்ளிருக்கும் நுரைப்படை நசுங்கி அடியின் ஆற்றலைத் தன்னுள் ஏற்கிறது.

ஓர் எளிய கணிப்பு இதனை விளக்கும். வண்டியில் அமர்ந்திருப்போனின் தலை தரையிலிருந்து ஏறத்தாழ 1.6 மீற்றர் உயரத்தில் உள்ளதெனக் கொள்வோம். நிற்கும் வண்டி சரிந்தாற்கூட அத்தலை மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் தரையைத் தாக்கும். அவ்வேகம் இரண்டரை மில்லிமீற்றர் தூரத்துள் அடங்குமாயின், தலை தாங்க வேண்டிய அமர்முடுகல் புவியீர்ப்பின் 640 மடங்காகும். அதுவே இரண்டரைச் சென்ரிமீற்றர் நுரை நசுங்கும் தூரத்துள் அடங்குமாயின் 64 மடங்காகக் குறையும். சாவுக்கும் வாழ்வுக்கும் இடையே இருப்பது ஒரு விரற்கடை நுரையேயாம்.

இதிலிருந்து இரு முடிபுகள் பெறப்படும். நசுங்கிய நுரை மீண்டும் நிமிராது. ஆதலின் ஒருமுறை விபத்துக்குள்ளான கவசம், வெளியே கீறலின்றித் தோன்றினும், பயனற்றதாகும். நாடிப்பட்டி பூட்டப்படாத கவசம் தலைக்கு முன்னரே தரையைச் சென்றடையும். முதலாவது, பழைய கவசத்தை விலைக்கு வாங்குவோர் அறிய வேண்டியது. இரண்டாவது, பொலிசாரைக் கண்டதும் கவசத்தைத் தலையில் ஏற்றுவோர் அறிய வேண்டியது. பல நாடுகளின் 61 ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வெளிவந்த மதிப்பீடொன்று, தலைக்கவசம் மரண அபாயத்தை 42 சதவீதமும் தலைக்காய அபாயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது எனக் கண்டது.

காலுக்கும் சேலைக்கும் காப்பு

தலைக்கு அடுத்தபடியாகக் காயமுறுவது காலாகும். 1958இல் யப்பானில் வெளிவந்த ஹொண்டா சுப்பர் கப் வண்டியின் முற்புறத்தே அமைந்த பிளாஸ்ரிக் காற்காப்பு உலகெங்கும் பரவியது. 2017ஆம் ஆண்டளவில் அவ்வினத்து வண்டிகள் பத்துக் கோடி செய்யப்பட்டிருந்தன. ஆயின், அக்காப்புச் சேற்றையும் காற்றையும் தடுப்பதன்றி மோதலைத் தாங்குவதன்று. லெக் காட் எனப் பேச்சுவழக்கில் வழங்கும் இரும்புக் கம்பியைப் பற்றியும் மயக்கம் உண்டு. லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் 900 விபத்துக்களை நேரில் ஆராய்ந்து 1981இல் வெளியிடப்பட்ட ஹேட் அறிக்கை, இக்கம்பி கணுக்கால், பாதம் ஆகியவற்றின் காயங்களைக் குறைக்குமளவுக்குத் தொடை, முழங்கால் ஆகியவற்றின் காயங்களைக் கூட்டுகிறது என முடிவுசெய்தது. வண்டி வீழ்கையில் எஞ்சினையும் விளக்கையும் அது காக்கலாம். ஓட்டுபவனைக் காக்கும் என்று நம்புதல் சான்றுக்கு முரணாகும்.

கீழைத்தேயத்துக்கே உரிய உறுப்பு ஒன்றும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. பின்னிருந்து செல்லும் பெண்ணின் சேலைத் தலைப்புச் சக்கரத்திற் சிக்குண்டு அவளை இழுத்து வீழ்த்தும் விபத்தை மேலைநாட்டு வண்டியமைப்பாளர் எண்ணியிருக்கவில்லை. 1989ஆம் ஆண்டின் இந்திய மத்திய மோட்டார் வாகன விதிகள், பின்சக்கரத்திற் பாதிக்குக் குறையாத பகுதியை மூடும் காப்பும், பின்னிருப்போர்க்குக் கைப்பிடியும் மிதிகட்டையும் இருத்தல் வேண்டும் என வகுத்தன. ஒரு பொருள் தோன்றிய நாட்டின் உடை வேறு, அது ஓடும் நாட்டின் உடை வேறு என்னும் உண்மையைச் சட்டம் ஏற்றுக்கொண்ட அரிய இடங்களுள் இஃதொன்று.

வன்னியில் ஈருருளி

வன்னி காடும் குளமும் வயலும் விரவிய நிலம். ஊர்கள் ஒன்றுக்கொன்று எட்ட அமைந்தவை. கண்டி வீதியென மக்கள் வழங்கும் ஏ9 பெருவீதி வவுனியாவிலிருந்து ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன் ஊடாக ஆனையிறவை அடைகிறது. மாங்குளத்திலிருந்தும் பரந்தனிலிருந்தும் இரு கிளைவீதிகள் கிழக்கே முல்லைத்தீவுக்குச் செல்கின்றன. 1905இல் வடபகுதிப் புகையிரதப் பாதை அமைந்தபோதும், நிலையத்திலிருந்து குடியேற்றத் திட்டத்து வயல்வரையுள்ள தொலைவை மாட்டு வண்டியும் துவிச்சக்கர வண்டியும் பின்னர் உழவு இயந்திரமுமே இணைத்தன. 1977இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தபின் யப்பானிய மோட்டார் சைக்கிள்கள் பெருகலாயின. முல்லைத்தீவு 1978இலும் கிளிநொச்சி 1984இலும் தனி மாவட்டங்களாயின. அலுவலகமும் வைத்தியசாலையும் நாடிச் செல்வோரின் பயணங்களும் அதற்கேற்ப மிகுந்தன.

வீதி ஆபத்துக்கு மக்கள் முதன்முதல் நாடிய காவல் இறைவனாவான். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலின் முன் வண்டியை நிறுத்தி, கற்பூரம் ஏற்றித் தேங்காய் உடைத்த பின்னரே பயணத்தைத் தொடர்தல் இவ்வீதியின் நெடுநாள் மரபு. பேருந்தோட்டியும் பாரவூர்தியோட்டியும் மோட்டார் சைக்கிளோட்டியும் அங்கு ஒன்றுபோல இறங்கி நிற்பர். பயணம் அபாயமுடையது என்னும் தெளிவு இம்மக்களிடம் எப்போதும் இருந்துள்ளது என்பதற்கு அம்மரபே சான்றாகும். ஆகவே, தலைக்கவசம் அணியாமையை அறியாமை என்று மட்டும் கூறிவிடுதல் பொருந்தாது.

1990இல் மீண்டும் மூண்ட போரோடு புகையிரதம் நின்றது. பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோலும் மின்கலமும் உதிரிப்பாகங்களும் தடைசெய்யப்பட்ட அல்லது கட்டுப்படுத்தப்பட்ட பொருள்களாயின. சிறிதளவு பெற்றோலைக் கொண்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓட்டும் வழக்கம் பரவியது. எம்.டி. 90, சலி, சீ.டி. 200 ஆகிய பெயர்கள் சிறுவர் நாவிலும் பயின்றன. பழுதான உறுப்புக்கு வேறோர் வண்டியின் உறுப்பைப் பொருத்தியும், கடைசலிற் புதிதாக வார்த்தும் திருத்துநர் அவற்றை ஓடச்செய்தனர். வண்டி நகர்வதே அரிதாயிருந்த அந்நாளில் காப்புறுப்பு எவர் கருத்திலும் முதலிடம் பெறவில்லை.

அக்காலத்தில் மக்கள் கவசமே அறியாதிருந்தனர் என்பதன்று இதன் பொருள். வீடுதோறும் பதுங்குகுழி வெட்டப்பட்டது. பனங்குற்றியும் மண்மூட்டையும் கொண்டு அதனை எவ்வாறு மூடுவது, எறிகணை ஓசை கேட்டதும் குழந்தைகளை எவ்வாறு இறக்குவது என்பன எல்லோரும் அறிந்த கலையாயிருந்தன. ஆபத்து எத்திசையிலிருந்து வருகிறதோ அத்திசை நோக்கியே காவலும் அமைகிறது. குண்டும் குழியுமாயிருந்த வீதிகள் வேகத்தைத் தாமே கட்டுப்படுத்தின. வானத்தையே அஞ்சிய மக்களுக்கு வீதியை அஞ்சும் அவகாசம் இருக்கவில்லை.

2002 பெப்ரவரி 22ஆம் நாள் கைச்சாத்தான போர்நிறுத்த உடன்படிக்கையை அடுத்து ஏ9 வீதி திறக்கப்பட்டபோது இந்நிலை மாறியது. புதிய வண்டிகள் வந்தன. செப்பனிடப்பட்ட வீதியில் வேகமும் வந்தது. விடுதலைப் புலிகளின் நிர்வாகத்தில் இயங்கிய காவற்றுறையினர் வேகமானியுடன் வீதியோரம் நின்று தண்டம் அறவிட்டமை வெளிநாட்டுச் செய்தியாளரின் கவனத்தையும் ஈர்த்தது. அந்த இடைவேளை நீடிக்கவில்லை. 2006 ஓகஸ்டில் வீதி மூடப்பட்டது. 2009இன் முதல் மாதங்களில் மக்கள் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்தபோது, குடும்பத்தையும் உடைமையையும் சுமந்து சென்றவற்றுள் மோட்டார் சைக்கிளும் ஒன்று. போர் முடிந்தபின் முள்ளிவாய்க்காற் பகுதியில் துருவேறிக் கிடந்த வாகனக் குவியல்கள், அவற்றில் வந்தோரின் கதையைச் சொல்லாமற் சொல்லி நின்றன.

மெனிக் பாம் முகாம்களிலிருந்து திரும்பிய மக்கள் வெறுநிலத்தில் வாழ்வைத் தொடங்கினர். வீதிகள் அகலமாக்கப்பட்டுக் காப்பெற் இடப்பட்டன. தவணைமுறையிற் கடன் வழங்கும் நிறுவனங்கள் நகரந்தோறும் திறக்கப்பட்டன. இந்திய மோட்டார் சைக்கிள்கள் சிற்றூர்வரை சென்றன. மீன் விற்போனுக்கும் மேசனுக்கும் ஆசிரியைக்கும் அதுவே தொழிற்கருவியாயிற்று. ஆயின், புதிய வீதியோடு பழைய வழக்கங்களும் உடன்வாழ்ந்தன. இரவிற் கட்டாக்காலி மாடுகள் தார்வீதியிற் படுத்தன; அறுவடைக் காலத்தில் நெல் வீதியிற் காய்ந்தது; பின்விளக்கற்ற உழவு இயந்திரங்கள் இருளிற் சென்றன. மணிக்கு 20 கிலோமீற்றரில் தப்பக்கூடிய தடை 80 கிலோமீற்றரில் உயிர்வாங்கும் பொறியாயிற்று. எறிகணைக்குத் தப்பிய ஒருவர் மாட்டில் மோதி இறக்கும் அவலம் இவ்வாறு பிறந்தது.

சட்டமும் வழக்கமும்

இலங்கைச் சட்டம் ஓட்டுநர், பின்னிருப்போர் ஆகிய இருவரும் தலைக்கவசம் அணிதல் வேண்டும் எனக் கூறுகிறது. பதிவுபெற்ற வாகனங்களிற் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்களாயுள்ள நாட்டில் அதன் இன்றியமையாமை விளக்க வேண்டியதன்று. 2017, 2018ஆம் ஆண்டுகளில் ஆண்டொன்றுக்கு 3000க்கு மேற்பட்டோர் இந்நாட்டு வீதிகளில் இறந்தனர். ஆயினும், தலைக்கவசம் நீண்டகாலம் ஐயத்துக்கும் ஆளாகியிருந்தது. முகத்தை மறைத்து வந்தோர் செய்த கொலைகளும் கொள்ளைகளும் அதற்குக் காரணமாயின. 2015இல் முகம் முழுவதையும் மூடும் கவசத்தைத் தடைசெய்யப் பொலிசார் முற்பட்டனர். மேன்முறையீட்டு நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. முகத்தைக் காட்டுக என்னும் பாதுகாப்பும், முகத்தைக் காத்துக்கொள்க என்னும் பாதுகாப்பும் ஒன்றோடொன்று முரண்பட்ட தறுவாய் அது.

தமிழகத்தில் 2007 யூனில் அரசு தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. நடைமுறை தளரவே, சென்னை உயர் நீதிமன்றத்தின் கட்டளையால் 2015 யூலை முதல் மீண்டும் வலியுறுத்தப்பட்டது. வெப்பம், வியர்வை, விலை, தலைமுடி ஆகியவற்றை முன்வைத்து எழுந்த தடைகள் இரு கரைகளிலும் ஒத்திருந்தன.

இவ்விடத்து வன்னியோடு ஒப்பிடத்தக்க நாடு வியட்நாமாகும். நெடும்போரிலிருந்து மீண்ட நாடு; வெப்பமான நாடு; சிறு யப்பானிய மோட்டார் சைக்கிள்களால் வாழும் நாடு. அங்கு வெப்பத்துக்கேற்ற இலேசான கவசத்தைச் செய்யும் தொழிற்சாலை சட்டத்துக்கு முன்னரே அமைந்தது. 2007 டிசெம்பர் 15ஆம் நாள் எல்லா வீதிகளுக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, மாற்றம் ஒரே நாளிற் புலப்பட்டது. அணிவோர் தொகை பத்துக்கு ஒன்பதைத் தாண்டியது. முதல் மூன்று மாதங்களில் வைத்தியசாலைகளுக்கு வந்த விபத்துக் காயக்காரரிடையே தலைக்காய அபாயம் 16 சதவீதமும் மரண அபாயம் 18 சதவீதமும் குறைந்ததாக ஆய்வு கூறியது. முதலிற் பொருள், பின்னர் அறிவிப்பு, அதன்பின் விலக்கற்ற சட்டம் என்னும் வரிசையே அவ்வெற்றியின் காரணம். எனினும், சிறுவர்க்குத் தண்டம் விதிக்க இயலாமையால் பெற்றோர் தலையில் கவசமும் பிள்ளை தலை வெறுமையுமாகச் செல்லும் காட்சி அங்கும் தொடர்ந்தது.

அக்காட்சி வன்னிக்குப் புதிதன்று. பெற்றோல் தாங்கியின்மேல் ஒரு பிள்ளையும், இருவர்க்கிடையே ஒரு பிள்ளையுமாகப் பாடசாலைக்கு விரையும் குடும்பங்களைப் பரந்தன் சந்தியிலும் புதுக்குடியிருப்பு வீதியிலும் நாள்தோறும் காணலாம். தந்தையின் கவசம் தண்டத்துக்கு அஞ்சி அணியப்பட்டது. பிள்ளைக்குரிய அளவிற் கவசம் வாங்கப்படவேயில்லை. சட்டத்துக்காக அணிவதற்கும் உயிருக்காக அணிவதற்கும் உள்ள வேறுபாடு இங்கே தெளிவாகிறது. கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் 60 கிலோமீற்றருக்கு மேல். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு ஏறத்தாழ 50 கிலோமீற்றர். தலையில் அடிபட்டோர்க்கு முதல் மணித்தியாலமே உயிர்நிலை என்பர். தொலைவு மிகுந்த நிலத்திலே, மருத்துவம் வந்து சேருமுன் உடனிருந்து காக்கும் ஒரே மருத்துவன் தலைக்கவசமாகும்.

முடிவுரை

மேலே கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, காப்புறுப்பின் வரலாறு கண்டுபிடிப்பின் வரலாறு அன்று, கணக்கெடுப்பின் வரலாறே என்பது புலனாகும். காட்னர் பந்தயத் திடலில் அடிபட்டோரைக் கணக்கிட்டார். கெயன்ஸ் படையில் இறந்தோரைக் கணக்கிட்டார். வியட்நாமில் வைத்தியசாலைகளுக்கு வந்தோர் கணக்கிடப்பட்டனர். கணக்கிடப்பட்ட உயிர்களுக்கே கவசம் கிடைத்தது. வன்னியிலே பெருந்தொகையான உயிர்கள் கணக்கில் வாராமலே போயின. போருக்குப் பின் வீதியில் இழக்கப்படும் உயிர்களாவது ஊர்வாரியாக, வயதுவாரியாக, கவசம் அணிந்தோர் அணியாதோர் என்னும் பகுப்போடு பதியப்படுதல் வேண்டும். மருத்துவம், பொறியியல், புவியியல், வரலாறு பயிலும் மாணவர் ஒருங்குகூடிச் செய்யத்தக்க பணி இது.

பதுங்குகுழியின் கூரை எத்துணைத் தடிப்பாயிருத்தல் வேண்டும் என்பதைத் துல்லியமாக அறிந்திருந்த மக்கள், ஒரு விரற்கடை நுரையின் பெறுமதியை அறியாதிருக்க நியாயமில்லை. ஆபத்தின் திசை மாறிவிட்டது என்பதே அவர்களுக்கு உணர்த்தப்பட வேண்டியது. முறிகண்டியில் தேங்காய் உடைத்து வண்டியில் ஏறுவோர் நாடிப்பட்டியைப் பூட்டிக்கொள்வதும், முன்னிருக்கும் பிள்ளைக்கும் ஒரு கவசம் இருப்பதும் அவ்வழிபாட்டின் தொடர்ச்சியாக அமையுமாயின், மெய்ம்மறை என்னும் பழஞ்சொல் இந்நிலத்தில் மீண்டும் பொருள்பெறும்.